ஒரு வருஷம் மட்டும் கேட்ட பாட்டியம்மா



வருஷக் கடைசி வந்துவிட்டாலே நம்ம எல்லாருக்கும் கணக்குப் பார்க்கிற புத்தி வந்துவிடுகிறது. நம்ம பக்கத்து ஜனங்கள் அதில் கெட்டிக்காரர்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர் முட்டை விலை ஏறின மாசம் இத்தனை, இறங்கின மாசம் இத்தனை என்று விரல்விட்டுச் சொல்லுவார். லாரி ஓட்டுகிறவர் டீசல் போக, டயர் போக, கையில் நின்றது என்ன என்று சொல்லுவார். மரவள்ளி போட்டவர், விசைத்தறி ஓட்டுகிறவர், போர்வெல் வண்டியோடு வடக்கே போய் வந்தவர், எல்லாரிடமும் ஒரு கணக்கு உண்டு.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வருகிறது. வீடு கட்டினவர் எழும்பி ஸ்தோத்திரம் சொல்லுகிறார். மகளுக்குக் கல்யாணம் முடித்தவர் சொல்லுகிறார். சுகம் பெற்றவர் கண்ணீரோடு சொல்லுகிறார். எல்லாம் நல்லதுதான், கர்த்தருக்கே மகிமை! ஆனால் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களையும் நான் பார்க்கிறேன். அந்த வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்த சகோதரி இருக்கிறாள். உபவாசித்து ஜெபித்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாத தகப்பன் இருக்கிறார். அவர்கள் எழும்புவதில்லை. தங்களிடம் சாட்சி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கும் இந்த வருஷம் ஏற்றமும் இறக்கமுமாகவே போனது. சித்திரையில் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆனியில் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரே வீட்டில், ஒரே வருஷத்தில் அழுகையும் சிரிப்பும். இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், நம்ம மலையிலேயே வாழ்ந்து, நம்ம மண்ணிலேயே அடங்கின ஒரு தாயாரின் ஜீவியத்தை உங்களுக்கு எழுத வேண்டுமென்று ஏவப்பட்டேன்.

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு கடந்து பஸ் மேலே போகிறது. நூறு வருஷத்துக்கு முன்னே ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர் யாரும் மேலே ராத்தங்க மாட்டார்கள். அந்த மலையைத் தங்கள் வீடாக்கிக்கொண்டவர்கள் ஜெஸ்ஸி பிராண்டு ஐயாவும் அவர் மனைவி எவ்லின் அம்மாளும்.

பட்டுடுத்திய கைகள்

எவ்லின் அம்மாள் 1879ஆம் வருஷம் லண்டன் பட்டணத்தில் செல்வமான குடும்பத்தில் பிறந்தார்கள். படம் வரையக் கற்றவர்கள். நல்ல உடுப்பும் சாரட்டு வண்டியுமாக வளர்ந்த பெண். முப்பது வயது கடந்த பிறகு, வீட்டாருக்கு மனமில்லாதிருந்தும், ஊழிய அழைப்புக்குக் கீழ்ப்படிந்து கப்பலேறி வந்தார்கள். ஜெஸ்ஸி ஐயா 1907லேயே ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் மூலமாக இந்த சேலம் ஜில்லாவுக்கு வந்துவிட்டார். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. வெப்பநாட்டு வியாதிகளுக்கு மருந்து கொடுக்க ஓரளவு பயிற்சி பெற்றிருந்தார், அவ்வளவுதான்.

1913ல் சேந்தமங்கலத்தில் அவர்களுக்கு விவாகம் நடந்தது. கல்யாணம் முடிந்த கையோடு மலையேற்றம்! டோலி தூக்க வரவேண்டியவர்கள் வரவில்லை. ஐயா வயல்காடுகளில் தேடி ஆள் பிடித்து வந்தார். வழியில் மழை கொட்டியது, முள் கிழித்தது. கல்யாண உடுப்போடு நனைந்து மேலே போய்ச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளிலேயே இரண்டு பேரையும் மலேரியா பிடித்தது. இப்படித்தான் ஆரம்பித்தது அவர்கள் குடித்தனம்.

அஞ்சாறு வருஷம் பாடுபட்டும் ஜனங்கள் பக்கத்தில் வரவில்லை. மருந்து வாங்கிக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மலையிலிருந்த பூசாரி ஒருவர் அவர்களை எதிர்த்து வந்தார். அவருக்கே கடுங்காய்ச்சல் வந்தது. பயந்துபோய் யாரும் கிட்டே போகாத நேரத்தில் இவர்கள்தான் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அந்த மனுஷன் சாகும் தறுவாயில் தன் பச்சைக் குழந்தையை இவர்கள் கையிலேயே ஒப்புக்கொடுத்துப் போனார். அந்தப் பெண்குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் மலைஜனங்களின் மனம் இளகத் தொடங்கியது. எத்தனையோ பிரசங்கம் திறக்காத கதவை ஒரு பச்சைப்பிள்ளை திறந்துவிட்டது பாருங்கள்!

அதன்பின் வேலை பெருகியது. பள்ளிக்கூடம் வந்தது. ஐயா பல் பிடுங்குவார், புண் கட்டுவார், ஆரஞ்சுச் செடி வைக்கச் சொல்லிக்கொடுப்பார், பட்டுப்பூச்சி வளர்ப்பையும் பழக்கினார். மலைஜனங்களுக்காக அதிகாரிகளிடம் போய் நியாயம் பேசுவார். அந்நாளில் நரம்புச் சிலந்தி என்று ஒரு கொடிய வியாதி உண்டு. குளித்துக் குடிக்கிற தண்ணீரே காரணம். அதிலுள்ள கண்ணுக்கு எட்டாத பூச்சி வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் கழித்து முழநீளத்துக்கும் மேலான புழுவாகக் கால் வழியே வெளியே வரும். அந்தக் காலோடு கிணற்றுப் படியில் இறங்கினால் தண்ணீர் மறுபடியும் கெட்டுப்போகும். இந்தச் சுற்றை அறுக்க வேண்டுமென்றால் கிணற்றுக்குச் சுவர் வைக்க வேண்டும், தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். அதை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்கள் அந்தத் தம்பதியர்.

1929ஆம் வருஷம்

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் பால் 1914ல் ஊட்டியில் பிறந்தார், இளையவள் கோனி 1916ல். படிப்புக்காக 1923ல் இரண்டு பேரையும் லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். மகனுக்கு அப்போது ஒன்பது வயதுதான். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும், தாய்மாரே, உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷம் கடிதத்திலேயே பிள்ளை வளர்த்தார்கள்.

1929ஆம் வருஷம் வந்தது. எவ்லின் அம்மாளுக்கு ஐம்பது வயது. மலையில் ஊழியம் வேரூன்றியிருந்தது. அந்த ஜூன் மாசம் ஜெஸ்ஸி ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டது. பிளாக்வாட்டர் காய்ச்சல் என்பார்கள். மலேரியா முற்றி, ரத்தம் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும். ஜூன் 15ஆம் தேதி அவர் ஜீவன் பிரிந்தது. வயது நாற்பத்து நாலு. அந்த மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

லண்டனுக்குத் தந்தி போனது. அதற்குப் பின்னும் வாரக்கணக்கில், ஐயா சாவதற்கு முன் எழுதின கடிதங்கள் கப்பலில் பிள்ளைகளுக்கு வந்துகொண்டே இருந்தன. மலையின் மரங்களையும் காட்டையும் பற்றி அன்பாக எழுதின கடிதங்கள். தகப்பன் இல்லை என்று தெரிந்த பிறகு தகப்பன் கையெழுத்து வீட்டுக்கு வருகிறது. பதினைந்து வயதுப் பையன் அதை எப்படிப் பிரித்திருப்பான்!

எவ்லின் அம்மாள் இங்கிலாந்துக்குப் போனார்கள். துறைமுகத்தில் எதிர்கொள்ளப்போன மகனுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்த, அழகான தாயை மனதில் வைத்திருந்தவர், கூனிப்போன, நரைத்த ஒரு பெண்ணைப் பார்த்தார். பிற்காலத்தில் பால் பிராண்டே இதை எழுதியிருக்கிறார்.

பிரியமானவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கொடுத்து, முழங்காலில் நின்று ஜெபித்த மனுஷன், காய்ச்சலிலேயே போனார். நாம் சுகமளிக்கும் தேவனை விசுவாசிக்கிறோம், அதைப் பிரசங்கிக்கிறோம். ஆனபடியால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக நமக்கு வழியில்லை. விசுவாசம் குறைந்ததினால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். யோபுவின் சிநேகிதர்களும் அப்படித்தான் பேசினார்கள். கர்த்தர் அவர்கள் மேல் கோபப்பட்டாரே தவிர மெச்சவில்லை. ஜெஸ்ஸி ஐயாவின் விசுவாசத்தில் குறை தேட எனக்குத் தைரியமில்லை. நம்ம சபையில் இந்த வருஷம் விதவையான சகோதரியிடமும் யாரும் அப்படிப் பேச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எவ்லின் அம்மாள் காரணம் தெரிந்துகொண்டு எழும்பவில்லை. காரணம் தெரியாமலே எழும்பினார்கள். உறவினர் தடுத்தும் கேளாமல் திரும்பக் கப்பலேறி இந்த நாட்டுக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு வருஷத் தவணை

ஆனாலும் மலையில் நிலைத்திருக்க முடியவில்லை. சில காலத்துக்குப் பின் மிஷன் அவர்களை வேறு இடத்து வேலைக்கு மாற்றியது. கீழே இருந்தாலும் மனசு மேலேயே இருந்தது. ஐந்து மலைகளில் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று புருஷனும் மனைவியுமாகப் பொருத்தனை பண்ணியிருந்தார்கள். கொல்லிமலை ஒன்றுதான் ஆகியிருந்தது.

1947ல் அவர்களுக்கு வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெறுகிற காலம். மலைக்கு அனுப்ப மிஷனுக்கு மனமில்லை. அப்போது அம்மாள் ஒரே ஒரு வருஷம் மட்டும் கொல்லிமலைக்குப் போக விடுங்கள், அதன்பின் ஓய்வு பெறுகிறேன் என்று மன்றாடினார்கள். வயதான தாயாயிற்றே என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. வழியனுப்பக் கூட இருந்த ஊழியர்கள் வந்தார்கள். அம்மாள் சொன்னது வேறு. மிஷனிலிருந்து ஓய்வு பெறுவது மெய்தான், ஆனால் ஊருக்குப் போகப் போவதில்லை, அடுத்த மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார்கள்! மிஷன் சம்பளமும் இல்லை, ஆதரவும் இல்லை. கல்வராயன் மலை, பச்சைமலை என்று ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கினார்கள்.

அதற்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஊழியம் செய்தார்கள். மட்டக்குதிரை மேல் ஏறிப் போவார்கள். விழுந்து எலும்பு முறிந்தது. வேலூரில் டாக்டராக இருந்த மகன் வந்து, போதும் அம்மா, இறங்கி வந்துவிடுங்கள் என்று மன்றாடினார். கேட்கவில்லை. இரண்டு கையிலும் மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார்கள். குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. அழகாய் உடுத்தி, படம் வரைந்து வளர்ந்த பெண் அவர்கள்! ஆனால் அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தைத்தான் மலைஜனங்கள் பாட்டியம்மா என்று கொண்டாடினார்கள். நரம்புச் சிலந்திக்கு எதிரான போராட்டத்தையும் விடவில்லை. இந்தியாவில் கடைசியாக அந்த வியாதி காணப்பட்டது 1996ல். 2000ஆம் வருஷம் உலக சுகாதார நிறுவனம் நம்ம தேசத்துக்கு விடுதலைச் சான்று கொடுத்தது. அப்படி எத்தனையோ பேருடைய உழைப்பில் இந்தப் பாட்டியம்மாவின் கைப்பங்கும் உண்டு.

மகன் பால் பிராண்டு 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். வலி தெரியாததினால்தான் அவர்கள் கைகால்கள் சிதைகின்றன என்று உலகத்துக்கு விளக்கினார். தகப்பன் புண் கட்டினதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையல்லவா!

எவ்லின் அம்மாள் 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பெட்டி வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தபடி, சாதாரண வெள்ளைத் துணியில் சுற்றி, மலைஜனங்களே தூக்கிப்போய், நாற்பத்தைந்து வருஷமாகக் காத்திருந்த கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பிரியமானவர்களே, 1929ஐ மட்டும் தனியே எடுத்துக் கணக்குப் போட்டால் அது முழு நஷ்டம். புருஷன் போனார், அழகு போனது, பிள்ளைகள் தூரத்தில். அந்த நஷ்டம் பிற்பாடு லாபமாக மாறிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஜெஸ்ஸி ஐயா திரும்பி வரவில்லை. மாண்டவர் மாண்டவர்தான், துக்கம் துக்கம்தான். ஆனால் 1929 கடைசிப் பக்கம் ஆகவில்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் கனியில்லாத அத்திமரத்துக்காக ஒரு தோட்டக்காரன் ஒரு வருஷத் தவணை கேட்கிறான். சும்மா கேட்கவில்லை, மரத்தைச் சுற்றிக் கொத்தி, எரு போடுகிறேன் என்று வேலையை ஒப்புக்கொண்டு கேட்கிறான். எவ்லின் அம்மாள் கேட்டதும் அப்படிப்பட்ட வருஷம்தான். நஷ்டமில்லாத வருஷம் வேண்டும் என்று கேட்கவில்லை, உழைக்க ஒரு வருஷம் வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்த டிசம்பர் 31 ராத்திரியில் சாட்சி நேரம் வரும்போது, சந்தோஷப்பட்டவர்கள் தாராளமாக எழும்புங்கள். கூடவே, இழந்தவர்களும் எழும்புங்கள். இந்த வருஷம் இன்னாரைப் பறிகொடுத்தேன், ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் சபைக்கு வந்து நிற்கிறேன் என்று சொன்னால் அதுவும் முழுச் சாட்சியே. அந்த நேரத்தில் சபையார் அவசரப்பட்டு ஆறுதல் வசனம் அடுக்க வேண்டாம். பக்கத்தில் போய் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும். மறுநாள் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

வருகிற வருஷத்திலும் நமக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. மேட்டில் நம்மோடு நடந்தவர் பள்ளத்திலும் கைவிடமாட்டார். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்து, உழைக்க இன்னும் ஒரு வருஷம் கூட்டித் தருவாராக. ஆமென்.