லூயி பிறெயில்: சேர்ந்து விளையாட ஓர் எழுத்து

லாச்சப்பலில் கடைத்தெருவை விட்டு, கார் து நோர் தொடரூந்து நிலையத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் இரட்டைக் கோபுரத்துடன் சென் வன்சோன் து போல் தேவாலயம் தெரியும். அங்கே ஓர்கன் வாசித்தவர் என்று சொல்லப்படுபவர் லூயி பிறெயில். பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் எழுத்தைத் தந்தவர் அவர்தான்.

1809 ஜனவரி 4 இல், பாரிசுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூவ்ரே கிராமத்தில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் கருவி ஒரு கண்ணில் குத்தியது. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் பார்வை முற்றாகப் போனது.

அந்தக் காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைக்குப் பிச்சைதான் வழி என்றிருந்தது. லூயியின் பெற்றோர் மகனை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. தந்தை நடப்பதற்குத் தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணி அடித்து எழுத்துகளைத் தடவிப் பழக்கினார். ஊர்ப் பாதிரியாரின் முயற்சியால் கிராமப் பாடசாலையில் இடம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளோடு இருந்து, காதால் கேட்டே படித்தார். தடியும் பலகையும் பெரிய செலவில்லை; ஆனால் அவை அவரை ஊர்ப் பிள்ளைகள் நடுவே கொண்டுபோய் விட்டன.

1819 இல், பத்து வயதில், பாரிசில் பார்வையற்ற சிறுவருக்கான அரச நிறுவனத்தில் சேர்ந்தார். அதை நிறுவிய வலந்தான் அவுய், சாதாரண எழுத்துகளையே தாளில் புடைக்க வைத்து அச்சிட்டிருந்தார். புத்தகங்கள் மிகவும் பாரமானவை. ஒவ்வோர் எழுத்தையும் தடவி அறிய நேரம் பிடித்தது. அந்த முறையில் பிள்ளைகள் தாங்களே எழுதுவது இயலாத காரியம். நண்பனுக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட அனுப்ப முடியாது.

1821 இல் சார்ள் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி தன் புள்ளி எழுத்தை அங்கே கொண்டுவந்தார். இதில் எழுதவும் முடிந்தது. ஆனால் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அடங்காது. ஒலியை மட்டும் குறித்ததால் எழுத்துக்கூட்டலும் இசைக்குறியும் இல்லை. தினமும் தடவிப் பார்க்கும் மாணவனுக்கே இந்தக் குறை தெரிந்தது. 1824 இல், 15 வயதில், பிறெயில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1829 இல் நூலாக வெளியிட்டார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், இசை படித்தார்கள்.

பார்வையுள்ளவர்களோடும் எழுதிப் பேச வேண்டும் என்பதற்காக, சாதாரண எழுத்தின் வடிவையே புள்ளிகளால் அமைக்கும் இன்னொரு முறையை 1839 இல் வெளியிட்டார்.

ஆனால் 1840 இல் வந்த புதிய இயக்குநர் ஆறு புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு விளங்காத எழுத்து பிள்ளைகளைப் பிரித்துவிடும் என்பது வாதம். மாணவர்கள் மறைவில் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். உதவி இயக்குநர் ஜோசப் குவாதே பரிந்து பேச, 1844 இல் நிறுவனத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அந்த எழுத்து சபை முன் காட்டப்பட்டது. 1852 ஜனவரி 6 இல் காசநோயால் பிறெயில் இறந்தார்; வயது 43. இரண்டு ஆண்டுகளின் பின்னரே நிறுவனம் அதை முறைப்படி ஏற்றது. 1952 இல் அவர் உடல் பந்தெயோனுக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் கூவ்ரேயில் இருக்கின்றன. இன்று தமிழ்ப் பிறெயிலில் ‘அ’வுக்கும் பிரெஞ்சு ‘ஏ’ எழுத்துக்கும் அதே ஒற்றைப் புள்ளிதான்.

திரான்சியில் வாழும் எமது குடும்பங்களுக்கும் இந்த வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. 2005 பெப்ரவரி 11 சட்டத்தின்படி, மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் வீட்டுக்குக் கிட்டவுள்ள பாடசாலையில் பதியப்படும் உரிமை உடையது. உதவிகளுக்கான விண்ணப்பம் பொபினியிலுள்ள ‘எம்டேபேஆஷ்’ அலுவலகத்துக்குப் போகும். கருவியா, வகுப்பறை உதவியாளரா, சிறப்புப் பயிற்சியா என்று முடிவெடுக்கும்போது விலையையும் மருத்துவச் சொல்லையும் மட்டும் பார்த்தால் போதாது. உதவியாளர் எந்நேரமும் ஒட்டியே இருந்தால் சக பிள்ளைகள் கிட்டே வரத் தயங்குவதும் உண்டு. இந்த உதவியால் பிள்ளை யாரோடு விளையாடும்? கேட்பதோடு நில்லாமல் பதிலும் சொல்ல முடியுமா? ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை வீட்டில் வைத்திராமல், இந்தக் கேள்விகளை ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள்.