சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே சென்னை மாகாணத்துப் பிராமண குடும்பங்களில் ஒரு பெண் குழந்தையின் வாழ்வு பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் தீர்மானிக்கப்பட்டுவிடும். பருவமெய்து முன்னரே மணம் முடித்துவிட வேண்டுமென்பது கட்டுப்பாடு. மணம் முடித்த மாப்பிள்ளை காய்ச்சலிலோ வாந்திபேதியிலோ இறந்துவிட்டால், அவனோடு ஒருநாளும் குடித்தனம் செய்தறியாத சிறுமி விதவையாகிவிடுவாள். பருவமெய்தியதும் தலைமயிர் மழிக்கப்படும். நகை, நிறச்சேலை, பூ, பொட்டு யாவும் போய்விடும். கல்யாண வீட்டின் முன்வாசலில் அவள் நிற்கலாகாது; பயணம் புறப்படுவோர் எதிரே வரலாகாது. விதவைகள் மறுமணம் செய்யலாமென்று 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சிறுமிகள் அடுக்களையில் இருந்தார்கள்.

அத்தகைய அடுக்களையொன்றிலே முடிந்திருக்க வேண்டிய வாழ்வுதான் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாருடையது. விவேகானந்த சுவாமிகள், ஆறுமுக நாவலர், விபுலாநந்த அடிகள் முதலியோரின் சரிதங்களை இத்தகைய மலர்களில் நாம் வாசித்து வருகிறோம், வாசிக்க வேண்டியவையே. ஆயினும் சென்னையிற் பெயர்பெற்ற இவ்வம்மையாரைப் பற்றி நமது சபரகமுவத் தோட்டப் பகுதிகளிற் பேசுவோர் குறைவு. ஆதலால் இம்முறை அவரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆந் திகதி மயிலாப்பூரிலே பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவிலுள்ள ரிஷியூர். படிப்பிலே குழந்தைக்கிருந்த கூர்மை விரைவிலேயே வெளிப்பட்டது. ஒன்பதாவது வயதில், நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையிற் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாகச் சித்தியெய்தினாள். இக்காலத்தில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளையை நாம் எப்படியெல்லாம் கொண்டாடுகிறோம்! பத்திரிகையிற் படம், கோயிலில் அர்ச்சனை, பாடசாலையிற் பாராட்டு விழா. சுப்புலட்சுமிக்கோ அடுத்த இரண்டு மூன்று வருஷங்களிற் கல்யாணம் நடந்தது. அது 1898ஆம் ஆண்டு. மணமகன் சிறிது காலத்துக்குள்ளேயே இறந்துபோனார். பதினொன்று பன்னிரண்டு வயதில் அவள் விதவை.

இவ்விடத்திற் பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மகளின் தலையை மழிப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை. மறுமணம் என்ற வழியையும் அவர்கள் நாடவில்லை. படிப்பு என்ற மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள். தந்தையார் வீட்டிலேயே மகளுக்கு ஆங்கிலம் முதலிய பாடங்களைக் கற்பித்தார். உறவினரும் சாதிக்காரரும் ஏசினார்கள். விதவையைப் படிக்கவைக்கும் வீட்டோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போர் நிறைந்த காலம் அது. அந்த வீட்டிலே பின்னுக்கு வேறு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தாற்றான் அந்தத் தகப்பனாரின் துணிவு விளங்கும். அவ்வீட்டில் இன்னொருவரும் இருந்தார். சித்தி வாலாம்பாள். அவரும் விதவை. தமக்குக் கிடையாத படிப்பு இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமென்று வீட்டுச் சுமையைத் தாம் ஏற்றுக்கொண்டவர். பின்னர் அம்மையார் நடத்திய இல்லத்துக்கும் அவரே துணை நின்றார். சரித்திரப் புத்தகங்களில் இத்தகைய சித்திமாருக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை.

வீட்டுப் படிப்புக்குப் பிறகு சென்னைப் பிரசன்டேஷன் கன்னியர் மடத்துப் பாடசாலைக்கு அவர் அனுப்பப்பட்டார். வைதிகப் பிராமண குடும்பத்து விதவைப் பெண் கத்தோலிக்க கன்னியாஸ்திரீகளிடம் படிக்கப் போனாளென்றால் ஊர் என்ன சொல்லியிருக்குமென்று நான் எழுத வேண்டியதில்லை. மதம் மாறிவிடுவாள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அவர் மாறவில்லை. மிஷன் பாடசாலையிலே கல்வி கற்ற எனக்கு இப்பகுதி மிக அருகிலுள்ளதாகத் தோன்றுகிறது. வேறொருவரின் சமயத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் தம் சமயத்தை விட்டுவிடுவார்கள் என்பது கட்டாயமன்று. சிலருக்குத் தம் வீட்டிலே என்ன குறைகிறது என்பது அங்கேதான் தெரியவருகிறது. கன்னியர் மடத்திலே சுப்புலட்சுமி கண்டது எதை? கணவன் இல்லாத பெண்கள். அணியும் ஆபரணமும் இல்லாத பெண்கள். ஆனால் அவர்களைக் கண்டு எவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரு வீடும், ஒரு வேலையும், ஊரிலே மரியாதையும் இருந்தன. நமது சமூகத்து விதவைக்கு ஏன் இவை இருக்கக்கூடாது என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் உலகம் அவரைச் சகோதரி என்றே அழைத்தது பொருத்தமாய்த்தான் அமைந்தது.

பிறகு பிரசிடென்ஸிக் கல்லூரி. 1911ஆம் ஆண்டிற் பட்டதாரியானார். சென்னை மாகாணத்திற் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. அவருக்கு முன் பட்டம் பெற்ற பெண்கள் கிறிஸ்தவர்கள்.

பட்டம் பெற்றாயிற்று, உத்தியோகம் கிடைக்கும், தந்தையின் வீடு ஆதரவாக இருக்கிறது. இவ்வளவோடு அவர் நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தமக்கு நேர்ந்த துயரத்தை வென்றவர் என்று அவரைப் போற்றியிருப்போம். ஆனால் அவருடைய மனம், தம்மைப் போன்ற தகப்பனார் வாய்க்கப்பெறாத சிறுமிகளிடம் சென்றது.

1912ஆம் ஆண்டு. நமது இரத்தினபுரிக்குக் கொழும்பிலிருந்து புகையிரதம் வந்துசேர்ந்ததும் அதே ஆண்டுதான். (ஓப்பநாயக்கவுக்கு அது வர 1919 ஆயிற்று, இன்று அந்தத் தண்டவாளம் நம் ஊரில் இல்லை.) அவ்வாண்டில் அம்மையார் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். ஒன்று, பெண்கள் கூடிப் பேசவும் நாட்டு நடப்பை அறியவும் சாரதா மகளிர் சங்கம். மற்றது, இளம் விதவைகளுக்கான சாரதா இல்லம். எழும்பூரிலே தந்தையின் வீட்டில், ஒரு கைவிரல்களிலே எண்ணிவிடக்கூடிய சிறுமிகளுடன் அந்த இல்லம் ஆரம்பமாயிற்று.

இம்முயற்சிக்கு அரசாங்கத்தின் உதவி கிடைத்ததற்கு ஒரு காரணமுண்டு. அக்காலத்திற் பெண் கல்வி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்த பெண்களை ஆண் ஆசிரியர்களிடம் அனுப்பப் பெற்றோர் மறுத்தார்கள். பெண் ஆசிரியர்களோ மிகச் சிலர். மணமான பெண்கள் வேலைக்கு வரமாட்டார்கள். மணமாகாத பெண்கள் சிறு குழந்தைகள். ஆக, ஒரு பக்கம் ஆசிரியைகள் இல்லாத பாடசாலைகள். மறுபக்கம் வேலையும் மதிப்பும் இல்லாத ஆயிரக்கணக்கான இளம் விதவைகள். பெண் பாடசாலைகளின் பரிசோதகராக இருந்த அயர்லாந்துப் பெண்மணி மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தார். சுப்புலட்சுமி அம்மையார் அதை நடத்திக் காட்டினார். அமங்கலம் என்று ஒதுக்கப்பட்டவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியையாகத் திரும்பிவருவாள். இரக்கத்தினால் மட்டும் நடத்தப்படும் அனாதை விடுதியாக இல்லாமல், நாட்டுக்குத் தேவையானவர்களை உண்டாக்கும் இடமாக அந்த இல்லம் அமைந்ததே அதன் பெருஞ்சிறப்பு என்பேன்.

ஆட்களைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பம்பாயிலே பண்டிதை ரமாபாய் 1889இல் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தை நிறுவியபோது பலர் ஆதரித்தனர். சில வருஷங்களில், அங்குள்ள சிறுமிகள் கிறிஸ்தவத்தின்பால் இழுக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஆதரித்தவர்களே விலகிக்கொண்டார்கள். அந்த நினைவு தென்னாட்டிலும் மறையவில்லை. எனவே அம்மையார் மிகவும் நிதானமாக நடந்துகொண்டார். அவர் வாழ்நாள் முழுவதும் ஆடம்பரமற்ற விதவைக் கோலத்திலேயே இருந்தார். இல்லத்தின் சமையலும் பூசையும் நோன்பும் பிராமண ஆசாரப்படியே நடந்தன. மகளை அனுப்பிவைக்கத் தயங்கும் தகப்பன் வந்து பார்த்தால், தன் வீட்டில் உள்ளது போலவே எல்லாம் இருக்கக் காண்பான். ஒன்று மாத்திரம் வேறாக இருக்கும்: அவன் மகளின் கையிற் புத்தகம்.

சிறுமிகளின் தொகை பெருகவே இடம் போதாமற்போயிற்று. அப்பொழுதுதான் ஐஸ் ஹவுஸ் வருகிறது. சென்னைக் கடற்கரையிலே உருண்டை வடிவாக நிற்கும் அந்தக் கட்டிடத்தின் கதையே விசித்திரமானது. அமெரிக்காவிலே குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்ற டியூடர் என்பவரின் கம்பெனி, அதைச் சேமித்து வைப்பதற்காக 1840களிற் கட்டியது. இயந்திரத்தினாற் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வியாபாரம் படுத்தது. பின்னர் அது பிலிகிரி ஐயங்கார் என்னும் வக்கீலின் கைக்கு வந்தது. 1897ஆம் ஆண்டு மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள், நமது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சொற்பொழிவாற்றிவிட்டுச் சென்னை சென்றபோது தங்கியது இவ்வீட்டிலேதான். இராமகிருஷ்ண மடம் தென்னாட்டில் முதலில் நடைபெற்றதும் இங்கேயே. 1917இல் அரசாங்கம் இக்கட்டிடத்தை வாங்கியது. விதவைகள் இல்லம் அங்கே குடியேறியது.

வீட்டுப் பின்கட்டின் இருட்டிலே வைக்கப்பட்டிருந்த சிறுமிகளுக்கு எதிரே இப்பொழுது வங்காள விரிகுடா. இந்தக் காட்சியை நான் பலமுறை மனத்திலே வரைந்து பார்த்திருக்கிறேன். ஒரு சிறுமி அங்கே வந்து சேருகிறாள். இதுவரை அவள் எங்கு போனாலும் அவளொருத்தியே விதவை. மற்றவர்கள் எல்லோரும் வேறு. இங்கே அவள் எதிரே வந்தால் ஒதுங்குவார் இல்லை; பக்கத்துப் பாயில் படுப்பவளும் அவளைப் போன்றவள்; தலைமை தாங்கி நடத்துகிறவரும் அவளைப் போன்றவர். அவ்வளவு பெரிய ஆறுதலை எந்த உபதேசத்தால் கொடுக்க முடியும்? அவர்களுட் பலர் பாடசாலைக் கல்வியை முடித்தனர். சிலர் 1914இல் அதே கடற்கரைச் சாலையிலே தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரிக்கும், அதாவது இன்றைய இராணி மேரிக் கல்லூரிக்கும் சென்றனர். 1922இல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதலாவது அதிபர் சுப்புலட்சுமி அம்மையாரே. அருகிலிருந்த குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைக்க அவர் வழிசெய்தார்.

இனி ஒரு குறையையும் சொல்லவேண்டும். ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்காகவே நடத்தப்பட்டது. மற்றச் சாதிப் பெண்களின் துயரம் துயரமல்லவா என்று நமது வாலிபர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. லயத்து வாழ்விலே நான்கு தலைமுறைகளாக ஒதுக்கப்பட்ட நாம் இதைக் கேளாமல் யார் கேட்பது? அவருடன் அதே 1886ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டதைக் கண்டு, சாதி பாராத ஔவை இல்லத்தை 1930களின் தொடக்கத்திலே நிறுவினார். அவர் துணிந்த அளவு சுப்புலட்சுமி அம்மையார் துணியவில்லை என்று சொல்லலாம். ஆனால் வைதிகர் வீட்டுப் பின்கட்டின் கதவு வேறு எந்தச் சாவிக்கும் திறந்திராது என்பதையும் நாம் மறக்கலாகாது. அரசாங்க இல்லத்தின் விதிகளுக்குள் அடங்காத பெண்களுக்காக அவரே பின்னர் சாரதா மகளிர் சங்கத்தின் மூலம் சாரதா வித்தியாலயத்தையும் ஏற்படுத்தினார். அது பிற்பாடு இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது.

நோயுற்றோரைப் பராமரித்தால் மட்டும் போதாது, நோயின் காரணத்தையும் நீக்கவேண்டும். குழந்தை மணம் உள்ளவரை குழந்தை விதவைகளும் இருப்பார்கள். அம்மையார் அரசாங்க உத்தியோகத்தர். சங்கங்களில் அங்கத்தவராகச் சேர்வதற்குத் தடையிருந்தது. எனினும் இந்திய மாதர் சங்கத்தின் கூட்டங்களுக்குச் சென்றார். மண வயதைப் பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியமளித்தார். 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் அமுலுக்கு வந்த சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயதெல்லை வகுத்தது. அமுலுக்கு வருமுன் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குத் தாலி கட்டிய பெற்றோரும் இருந்தார்கள்! நமது நாட்டின் பொதுச் சட்டத்தில் 1995 முதல் இருவருக்கும் 18 வயது. ஆயினும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவதும், மஞ்சள் நீராட்டு வீட்டிலே தாலியிழந்த தாயைப் பின்வரிசைக்கு அனுப்புவதும் நம்மிடையே அற்றுப்போய்விட்டன என்று பெரியோர்கள் நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல முடியுமா? வயதிற் சிறியவரின் கேள்வி, பொறுத்தருள்க.

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. சிறுவயதிற் படிக்க முடியாமற்போன பெண்களுக்காக 1942இல் மயிலாப்பூரிலே ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் 1954இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலநிலையம் ஏற்படுவதில் ஈடுபட்டார். 1956இல் மயிலாப்பூர் மகளிர் கழகத்தின் தலைவியாக இருந்து அவர் ஆரம்பித்த பாடசாலையே இன்றைய வித்யா மந்திர். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையிலும் அங்கம் வகித்தார். 1920இல் ஆங்கில அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும், 1958இற் சுதந்திர இந்தியா பத்மஸ்ரீ விருதும் அளித்தன.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி, 83ஆம் வயதில் அம்மையார் காலமானார். ஐஸ் ஹவுஸில் விதவைகள் இல்லம் 1941ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. கட்டிடத்துக்கு 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாற்றப்பட்டு, இன்று இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பிலே சுவாமிகளின் வாழ்வைக் காட்டும் கண்காட்சி அங்கே நடைபெறுகிறது. பக்கத்துக் கல்லூரியிலே இன்றும் ஆசிரியைகள் பயிற்சி பெறுகிறார்கள். அப்பகுதியை மட்டும் சென்னை மக்கள் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்லுகிறார்கள்.