பெருந்தலைவர் போட்ட பாதை



மினி டிராஃப்டரும் வெர்னியரும் கையுமாகத் திரிகிற நமக்கெல்லாம் வழி போட்டவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு மனிதர். அவர்தான் பெருந்தலைவர் காமராசர்.

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனார். படிப்பு நின்றது; மாமாவின் துணிக்கடையில் வேலை. பையன் அரசியல் கூட்டத்துக்கே ஓடுகிறான் என்று, வீட்டார் திருவனந்தபுரத்திலிருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். பிழைப்புக்கு மலை தாண்டிப் போவது நம்ம போடிக்காரர்களுக்குப் புதிதா என்ன? அங்கேயும் வைக்கம் போராட்டத்தில் போய் நின்றார். விடுதலைப் போரில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். அதற்கு முந்தின வருடம் வந்த திட்டப்படி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நேரம்தான் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். யோசித்துப் பாருங்கள்! விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர் பிள்ளைக்கு என்ன தொழில் மிஞ்சும்? 1954-லேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவு வந்தது. 1960-லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை பள்ளிச் சம்பளம் கிடையாது என்றானது.

படித்தவன் கைக்கு வேலை வேண்டுமே! பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலி நிலக்கரி, கிண்டித் தொழிற்பேட்டை எல்லாம் அவர் காலத்தில் எழுந்தவை. நம்ம பக்கம் 1959-ல் வைகை அணையைத் திறந்து வைத்தார். அணைத் தண்ணீர் மதுரைப் பக்கம் ஓடுகிறது. நம்ம டிப்ளமோவோ கோவை, ஓசூர், சென்னை என்று ஓடுகிறது!

அரசாங்கக் காசில் படித்துவிட்டு எல்லாரும் வெளியூர் போனால் ஊருக்கு என்ன மிச்சம் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொட்டிபுரத்தில் எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான். போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூலியாகப் போவது வேறு, கைத்தொழில் தெரிந்து போவது வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் பெருந்தலைவர் நமக்கு வாங்கிக் கொடுத்தார்.

அதோடு அவர் பள்ளிக்கூடத்தை மட்டும் கட்டவில்லை, தொழிற்சாலையையும் சேர்த்தே கட்டினார். மலையில் விளைகிற காய் போடிக்கு வந்து தரம் பிரித்து ஏலம் போகிறது. காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் சலிக்கும் மெஷினுக்கும் மெக்கானிக் வேண்டாமா? போகிறவர்கள் போய் அனுபவத்தோடு திரும்புங்கள். நாலு பேர் இங்கேயே ஒரு பட்டறை போடுங்கள். அப்படிப் போடுகிறவனுக்குக் கடன் கொடுக்க அரசும் முன்வர வேண்டும்.

1975 அக்டோபர் 2-ல் அவர் மறைந்தார். 1976-ல் பாரத ரத்னா வந்தது. கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். தனக்கென்று அவர் எதுவும் சேர்க்கவில்லை. அவர் சேர்த்த சொத்து நாம்தான், தோழர்களே!

வாழ்க பெருந்தலைவர் புகழ்!