டெரி ஃபாக்ஸ்

கனடா நாட்டில் 1958ஆம் ஆண்டு பிறந்தவர் டெரி ஃபாக்ஸ். பதினெட்டாம் வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். மருத்துவமனையில் உடனிருந்த பிள்ளைகளின் வேதனை அவர் நெஞ்சைத் தைத்தது. ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் குறுக்கே ஓடிக் கடக்கத் துணிந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த வேளையில், நோய் நுரையீரலுக்கும் பரவியது தெரிந்தது. ஓட்டம் நின்றது; நன்கொடை நிற்கவில்லை. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. நாட்டு மக்களுக்குத் தலைக்கு ஒரு டாலர் என்ற அவரது கனவு நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 22 வயதில் கண்மூடினார். அவர் முடிக்காத ஓட்டத்தை ஆண்டுதோறும் பல நாட்டு மக்கள் தொடர்கின்றனர். தோழியரே, வாழ்வின் அளவு ஆண்டுகளில் இல்லை. பிறர்க்கு ஈந்ததில் உள்ளது.