ரெட்டமலையார் கேட்டு வாங்கிய பாதை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வடக்கே போனால் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் ரெட்டமலை சீனிவாசன் பிறந்த ஊர். பிறந்த ஆண்டைச் சிலர் 1859 என்கிறார்கள், சிலர் 1860 என்கிறார்கள். அன்றைய சேரியில் பிறப்பையும் சாவையும் யார் எழுதி வைத்தார்கள்? சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்று சட்டம் வந்ததே 1899-இல்தான்.

பிழைப்புக்காகக் குடும்பம் தஞ்சைக்கும் பிறகு கோவைக்கும் போனது. கோவையில் படித்தார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டுச் சென்னை வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். ஊரார் வசவாகச் சொன்ன பெயரை இதழின் தலையில் அச்சடித்த துணிச்சல் இன்றைக்கும் பலருக்கு வராது. 1900-இல் கடல் கடந்தவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

ஊர் திரும்பி 1923-இல் சட்டசபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத்தான் நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டும். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்கள் மற்றவரைப் போலவே நடக்கலாம், புழங்கலாம் என்பது அதன் சாரம். 1924 ஆகஸ்டில் அது நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையானது.

நூறு ஆண்டு கடந்தும் எத்தனையோ ஊர்களில் நம் பிணம் பொதுத்தெரு வழியாகப் போக முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பிலும் ஓடைத் தண்ணீரிலும் பாடையைச் சுமக்கிறோம். தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது ஆதாரம். அது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. ‘அ’ பதிவேட்டில் மயானத்தின் புல எண்ணும் பரப்பும் இருக்கும். புல வரைபடத்தில் எல்லை தெரியும், பாதை இருந்தால் அதுவும் தெரியும். தாத்தா, பாட்டி புதைந்த இடம் எந்தப் புல எண்ணில் வருகிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கட்டும். பதிவேட்டில் ஏறாத இடுகாட்டை ஆக்கிரமிப்பது எளிது. சாவையும் 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது. பாட்டன் பெயர் சொல்லும் காகிதம் பல வீடுகளில் அது ஒன்றுதான்.

1930, 1931 லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் அமர்ந்தவர் ரெட்டமலையார். 1932 பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து உண்டு. தன் வாழ்க்கையை 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலாக எழுதினார். தானே எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

1945 செப்டம்பர் 18-இல் காலமானார். சென்னை ஓட்டேரி இடுகாட்டில் புதைத்தார்கள். ‘உரிமைக்களம்’ என்று கேட்டால் அங்கே அவர் சமாதியைக் காட்டுவார்கள்.