திருவேட்களத்துக்கு நடந்த பேராசிரியர்

கல்விச்சாலையின் வாயிலைத் திறந்து வைத்தல் ஓர் அறம். அவ்வாயிலை அடைய வகையறியாது நிற்கும் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருதல் அதனினும் பெரிய அறம். பின்னையதைத் தம் வாழ்நெறியாகவே கொண்டவர் எம் மட்டக்களப்பு நாட்டிற் பிறந்த விபுலாநந்த அடிகள். யாழ்நூல் தந்த ஆராய்ச்சியாளராக அவரைப் போற்றும் தமிழுலகம், மாணாக்கர்க்குத் துணைநின்ற அவர்தம் தொண்டை அத்துணை எடுத்துப் பேசுவதில்லை. அதனையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன்.

எமது செட்டிபாளையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதி, கல்முனையைக் கடந்து காரைதீவை அடையும். அவ்வூரில் 1892ஆம் ஆண்டிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் அடிகள். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். குஞ்சித்தம்பி ஆசிரியரும் வைத்தியலிங்க தேசிகரும் அவருக்குத் தமிழறிவூட்டினர். ஆங்கிலக் கல்வியைக் கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே தேறினார்; பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழும் விஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடி நின்றமை அந்நாளில் அரிய காட்சியாகும்.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கியவர், அப்பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் திருப்பெயர் பெற்றார். மனை துறந்தாரேனும் மாணாக்கரைத் துறந்தாரல்லர். 1925இல் ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்க்கும் பொறுப்பை மேற்கொண்டார்.

அக்காலத்து ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் நகரத்திலேயே கிடைத்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வாழும் உழவன் மகன் அதனை நாடி வரின், தங்குவதற்கு இடம் வேண்டும். உண்பதற்குச் சோறு வேண்டும். உடுப்பும் புத்தகமும் வேண்டும். இவை இல்லாதவிடத்துப் பாடசாலையின் வாயில் திறந்திருந்தும் பயனில்லை. 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வறிய பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் தங்கிப் பயில மாணவர் இல்லமும் அங்கே அமைந்தது. பாடத்தோடு அன்னமும், அன்னத்தோடு அரவணைப்பும் ஒருங்கு கிடைத்தன.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். நாளைப் போவேன் என்று ஏங்கி நின்ற நந்தனாரின் வரலாறு வழங்கும் தில்லை அது. பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்ட மக்களின் சேரி இருந்தது. மாளிகை போன்ற கல்விக்கூடத்தைக் கண்ணெதிரே கண்டும், அதனுள் புகும் நாளைக் கனவிலும் காணாத பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். பேராசிரியர் பெருந்தகை அச்சேரிக்கு நடந்து சென்றார். பிள்ளைகளை அருகே இருத்தி எழுத்தறிவித்தார். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த அதே நா, சேரியிலே அரிச்சுவடி கற்பித்தது. இரண்டையும் ஒரே பணியாகவே அவர் கருதினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையைப் பிற நாடுகளும் பின்னர் உணர்ந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 1960களின் பிற்பகுதியில் கறுப்பின மாணாக்கர் முன்னிலும் மிகுதியாகச் சேர்ந்தனர். சேர்ந்தோரிற் பலர் பணமுடையாலும், தம்மவர் அருகிய இடத்துத் தனிமையாலும் இடர்ப்பட்டனர். அதுகண்டு, அன்னார்க்கு வழிகாட்டவும் துணைபுரியவும் தனி ஆலோசகர்களும் அலுவலகங்களும் ஏற்பட்டன. அவற்றை வேண்டிப் போராடியவரும் அம்மாணாக்கரே. அனுமதி வேறு, ஆதரவு வேறு என்பதை அந்நாடு கற்ற பாடம் அது. எம் அடிகளோ அதனை முன்னரே தம் நடையாற் காட்டினார்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவரது திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொணரப்பெற்று, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது. பிள்ளைகளின் குரல் ஓயாத இடமே அவருக்குச் சமாதியாயிற்று.

பல்லாண்டுகளாக ஆசிரியத் தொழிலில் இருக்கும் யான், பல்கலைக்கழக அனுமதி பெற்றும் கலங்கி நின்ற மாணாக்கர் பலரைக் கண்டுள்ளேன். குடும்பத்தில் முதன்முதலாக அப்படி ஏறுபவர் அவர். பதிவு எவ்வாறு, விடுதி எங்கே, முதல் மாதச் செலவுக்கு யாது வழி என்று கேட்க வீட்டில் எவரும் இலர். வயலையும் வாவியையும் அறிந்த தந்தை வாய்திறவாது நிற்பார். அவ்வேளையில் உடன்சென்று வழிகாட்டும் ஒருவர் இல்லாமையால், நல்ல மதிநுட்பம் வாய்ந்த பிள்ளையும் சோர்ந்துவிடக் காண்கிறோம்.

அடிகளுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஊர்கள் எம் நாட்டிற் பல. அவ்விழாச் செலவில் ஒரு பங்கை, அவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் ஏழைப் பிள்ளையின் முதலாண்டுத் தேவைக்கு ஒதுக்குவோமாக. அதே ஊரிலிருந்து முன்சென்று கற்ற ஒருவரை அப்பிள்ளைக்குத் துணையாக அமைப்போமாக. திருவேட்களத்துக்கு அடிகள் நடந்த வழி அதுவே. அன்பர்காள், அவ்வழியில் நாமும் சில அடிகளேனும் நடத்தல் வேண்டும்.