புதுக்கோட்டையின் டாக்டர் அம்மா

குழந்தைகளே! புதுக்கோட்டை மன்னர் கல்லூரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெண் படிக்க விரும்பியபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று பெற்றோர் சிலர் கோபப்பட்டார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானோ அனுமதி கொடுத்துவிட்டார். அந்தப் பெண்தான் முத்துலட்சுமி.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30. அப்பா நாராயணசாமி ஐயர், அம்மா சந்திரம்மாள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து, 1912இல் டாக்டரானார். எழும்பூர் அரசு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவரே!

அந்தக் காலத்துப் பிரசவ வார்டில் டாக்டர்கள் மிகவும் பயந்தது எதற்குத் தெரியுமா? பிரசவ ஜன்னிக்கு. குழந்தை நல்லபடியாகப் பிறந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் தாய்க்குக் குளிரும் காய்ச்சலும் வரும். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் பிழைப்பது அரிது. அப்போது ஆண்டிபயாடிக் மருந்து கிடையாதே! பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928இல்தான். வெந்நீர், சோப்பு, கிருமிநாசினி, கொதிக்க வைத்த கருவிகள், இவைதான் டாக்டர்களின் ஆயுதங்கள். பிரசவம் பார்ப்பவர் கையைக் கழுவினாலே சாவு குறையும் என்று வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847இலேயே காட்டியிருந்தார்.

முத்துலட்சுமி 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான்! பிறகு சென்னை சட்டமன்ற மேலவையில் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். சிறுமிகளுக்குத் திருமணம் செய்வதை எதிர்த்தார். உடல் வளராத வயதில் பிரசவம் என்றால் உயிருக்கே ஆபத்து அல்லவா? ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் அவ்வை இல்லம் தொடங்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் வந்ததும் அவர் முயற்சியால்தான்.

அவர் கண் முன்னாலேயே மருத்துவம் மாறியது. 1930களில் சல்ஃபா மருந்துகள், 1940களில் பென்சிலின் என வந்தன. பிரசவ ஜன்னியால் சாவது வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. தாய் விழுங்கும் மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமே! டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கர்ப்பத்தின் பிற்பாதியில் சாப்பிட்டால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது படிந்துவிடும். பின்னால் முளைக்கும் பால் பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதனால் டாக்டர்கள் அதைத் தவிர்த்து, பென்சிலின் வகைகளைப் போல ஒத்துக்கொள்ளும் மருந்தைத் தருகிறார்கள். பால் கொடுக்கும் மாதங்களிலும் அப்படித்தான். தாய்ப்பாலில் மருந்து கொஞ்சம் கலந்து, சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரலாம்.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? கூடாது. கர்ப்பிணிக்கு வரும் சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடக்கூடும். கடையில் தானாக வாங்கி விழுங்குவதும், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவதும்தான் தவறு. என் வகுப்பில் அட்டையில் மீந்த மாத்திரைகளை எண்ணி விளையாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்!

பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22இல் காலமானார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தம்பியோ தங்கையோ பிறந்தபோது உங்கள் அம்மாவும் அந்த உதவியைப் பெற்றிருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்!